சுதந்திர தின உரையில் நீ வாசிக்காமல் விட்ட பகுதி

அன்பிற்குரிய மகனுக்கு,

சென்ற ஞாயிறன்று நீ கைப்பேசியில் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "அம்மா, ஆகஸ்ட்ல எழுதிக் குடுத்தியே ஸ்பீச்சு, அது செம ஹிட்டு. ஹெட் ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சு. புது பிளான்ட் தெறப்பு விழாவுக்கு அதே டாப்பிக்ல இன்னொன்னு வேணும். நாட்டைக் கட்டுன தலைவருங்க, அவங்க செஞ்சது. இந்த வாட்டி கேக்குறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும், சரியா?" என்று சிரித்தபடி சொல்லியிருந்தாய். நீ கேட்ட உரையை நான் எழுதவில்லை. அதற்கென எடுத்து வைத்த தாள்களில் இக்கடிதத்தை எழுதுகிறேன். இதை உறையிலிட்டு ஒட்டப்போவதும் இல்லை. நம் வரிசை வீடுகளில் குடியிருப்போர் வாசித்த பின்னரே இது உன் கைக்கு வரும். நீ அன்று அவர்களுக்கு முன்பாக ஒலிபெருக்கியில் பேசினாய்; உனக்கான மறுமொழியும் அவர்களுக்கு முன்பாக இருப்பதே முறையாகும். ஆகவே நீ முன்பே அறிந்த சிலவற்றையும் அவர்கள்பொருட்டு இங்கே சொல்ல நேரும். பொறுத்துக்கொள்.

நான் மத்திகிரியில், உன் அப்பா ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் கட்டிய வரிசை வீடுகளுள் முதலாவதில் வாழ்கிறேன். எஞ்சியவற்றில் ஓசூர்த் தொழிற்சாலைகளில் உழைப்போர் வாடகைக்கு இருக்கிறார்கள். நீ அத்தொழிற்சாலைகளுள் ஒன்றில் மனிதவள மேலாளனாக இருக்கிறாய். மாநில எல்லைக்கு அப்பால் ஓர் அடுக்ககத்தில் வசிக்கிறாய். பிறந்த வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டேன் என்பதும், இப்போது எழுதும் தமிழை வானொலிச் செய்திகளிலிருந்தும் கிளை நூலகத்தின் மர அலமாரிகளிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டேன் என்பதும் உனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் உன் நண்பர்களிடம், "எங்கம்மா பேசுனா கோர்ட்டு ஆர்டர் மாதிரியே இருக்கும்டா, காபி வேணுமான்னு கேட்டாக்கூட" என்று கேலி செய்வாய். நான் சினந்ததில்லை. எனக்கென்று நான் சம்பாதித்த ஒரே உடைமை அது. அந்த உடைமையைத்தான் சென்ற ஆகஸ்டில் நீ கேட்டு வாங்கினாய்.

எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை உன்னிடம் அப்போது காட்டிக்கொள்ளவில்லை. என் மகன், பொறியியலும் மேலாண்மையும் கற்றவன், மேடையில் நிற்பதற்கு என் சொற்களைக் கேட்கிறான் என்று உள்ளுக்குள் பூரித்தேன். நூலகரிடம் சொல்லி, வெளியே கொண்டுபோகக் கூடாத தடித்த நூல்களை அங்கேயே அமர்ந்து வாசித்தேன். புதிதாகப் பிறந்த நாட்டுக்கு அத்தலைவர்கள் செய்தவற்றை நம் மாவட்டத்தின் மண்ணிலிருந்தே சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். அதனால்தான் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த கிருஷ்ணகிரி அணையிலிருந்து தொடங்கினேன். நாடு நிற்கவே தடுமாறிய காலத்தில், கையில் காசில்லாத ஓர் அரசு, மழையை மட்டும் நம்பியிருந்த மக்களுக்காக ஆற்றை மறித்தது. அந்த நீர் காவேரிப்பட்டினத்தில் உன் தாத்தாவின் வயலுக்கும் வந்தது. அடுத்ததாகப் பள்ளிக்கூடத்தை எழுதினேன். ஐந்து ஆண்டுகள் நான் படித்ததும், மதியம் அங்கே சூடாக உண்டதும் எவருடைய தயவாலும் அன்று. பசித்த குழந்தை படிக்காது என்று ஒருவர் எண்ணினார், அதைச் செய்யவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. பிறகு ஆலைகளைப் பற்றி எழுதினேன். நான்காவதாக ஒரு பகுதி எழுதினேன். அதுவே அந்த உரையின் உயிர் என்று கருதினேன்.

விழா நாளன்று நீ காரில் வந்து என்னை அழைத்துச் சென்றாய். முதல் வரிசையில், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் அமரவைத்தாய். எனக்குப் பின்னே நீலச் சட்டை அணிந்த நிரந்தரத் தொழிலாளர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், கேன்டீன் சுவரோரமாக, சாம்பல் நிறச் சட்டையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி இல்லை. அந்தக் கூட்டத்தில் நம் மூன்றாவது வீட்டில் குடியிருக்கும் மாதம்மா நின்றதைக் கண்டேன். அஞ்செட்டிக்கும் அப்பால், பேருந்து அரிதாக வரும் மலையூரிலிருந்து வந்து, உன் ஆலையில் வயரிங் பிரிவில் வேலை செய்தவள். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தாள். கொடி ஏறியது. நீ பேசத் தொடங்கினாய். என் வாக்கியங்கள் அந்தத் திடல் முழுவதும் ஒலித்தன. அணை வந்தது, பள்ளி வந்தது, ஆலைகள் வந்தன. நான்காவது பகுதிக்காக நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீ தாளைத் திருப்பினாய், "அத்தகைய மாமனிதர்களின் கனவை நனவாக்குவோம்" என்று முடித்துவிட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். காற்றில் ஒரு தாள் பறந்துவிட்டதோ என்று நான் உன் காலடியைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன்: "ஒரு பகுதி விடுபட்டுவிட்டதே?" "டைம் ஆயிடுச்சும்மா" என்றாய். "அதுவுமில்லாம அது கொஞ்சம் சென்சிடிவ். எம்.டி. முன்னாடியே உக்காந்திருந்தாரு, பாத்தியில்ல?" "நடந்ததைத்தானே எழுதியிருந்தேன்?" "நடந்ததுதாம்மா. அதான் பிரச்சனையே" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். என் மகனுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று எண்ணி நானும் சிரித்தேன்.

அன்று மாலை மாதம்மா வீட்டு வாசலுக்கு வந்தாள். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு இனிப்புப் பெட்டி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் காகிதத்தில் சுற்றிய ஒரு லட்டு. அந்த லட்டில் பாதியை எனக்காகக் கொண்டுவந்திருந்தாள். "ஓனரம்மா, உங்க பையன் பேசுனாரு பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்க மலைல அந்தத் தலைவருங்க போட்டோ ஸ்கூல்ல மாட்டியிருக்கும். யாரோ பெரியவங்கன்னு நெனச்சிருந்தேன். நமக்காவ இம்மாஞ் செஞ்சிருக்காங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு மூன்று மாதம் என்றாள். மணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பின் தங்கிய கரு. ஆலையில் எவரிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் நிற்கும் ஒருத்தியிடம் மட்டுமே சொன்னதாகக் கூறினாள். அந்த உரையை எழுதியவள் நான் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். உன் புகழை நான் பங்கிடலாகாது என்று எண்ணினேன்.

மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போனவள் வெயில் ஏறுமுன் திரும்பி வந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. காலில் ஆலை கொடுத்த காலணி இல்லை. வெறுங்காலோடு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். என்னவென்று கேட்டேன். "ஒன்னும் இல்லீங்க ஓனரம்மா. பிரேக் குடுத்துட்டாங்க" என்றாள். எதிர்வீட்டு ஜாபர், அதே ஆலையில் சரக்கு ஏற்றுபவர், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாட்டுக்கு நேத்து சுதந்திரம். மாதம்மாவுக்கு இன்னிக்குக் குடுத்திருக்காங்கோ. எல்லாருக்கும் ஒரே நாள்ல குடுத்தா லட்டு பத்தாதில்ல." மாதம்மாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை உன்னால் பார்க்க முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வெளியூரில் இருந்து இதை வாசிப்போர் இருந்தால், பிரேக் என்பது யாதென அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத் தொழிலாளி இடைவிடாமல் பணியில் இருந்தால் நாளை பணி நிரந்தரம் கேட்கக்கூடும். ஆகையால் சில மாதங்களுக்கு ஒருமுறை அவரை வெளியே அனுப்பி, சில வாரங்கள் கழித்துப் புதியவரைப் போல மீண்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதே இயந்திரம், அதே மனிதர், ஆனால் அட்டை மட்டும் புதிது. பத்தாண்டு உழைத்தவரும் அந்த அட்டையின்படி நேற்று வந்தவர். இவ்வூரில் மழை, வெயில் போல இதற்கும் மக்கள் பழகிவிட்டார்கள். பழகாத ஒன்று இந்த முறை நடந்தது. மாதம்மாவோடு வெளியே அனுப்பப்பட்ட அனைவரும் செப்டம்பரில் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவளை மட்டும் அழைக்கவில்லை. வாயிலில் போய் நின்றவளை, "உனக்கு இன்னும் சொல்லலம்மா" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஒருத்தியிடம் சொன்ன செய்தி உரிய இடத்தை அடைந்துவிட்டது.

நான் உன் அடுக்ககத்துக்கு வந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். இரண்டு பேருந்து மாறி வந்த என்னை உட்காரச் சொல்லுமுன்னே, எதற்கு வந்தேன் என்பதை உன் முகம் அறிந்திருந்தது. "அத நான் பண்றது இல்லம்மா. காண்ட்ராக்டர் பண்றது." "ஒப்பந்தக்காரருக்குப் பெயர்களைச் சொல்வது யார்?" "அது ஒரு சிஸ்டம்மா, உனக்குப் புரியாது." "அவளை மட்டும் ஏன் அழைக்கவில்லை?" நீ தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாய். "வயித்துல புள்ளன்னு தெரிஞ்சே யாரும்மா எடுப்பாங்க? நாளைக்கு லைன்ல மயக்கம் போட்டு விழுந்தா எவன் பதில் சொல்றது? இவ ஒருத்திக்கு லீவு, சம்பளம், அது இதுன்னு குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. பெத்துட்டு வரட்டும், பாத்துக்கலாம்." "சட்டம் அப்படிச் சொல்லவில்லையே?" "அதெல்லாம் பழைய சட்டம்மா. இப்ப எல்லாத்தையும் மாத்திட்டாங்க." இல்லை மகனே. நூலகத்தில் தேடினேன், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டேன். சட்டங்களின் பெயர்களையும் கட்டமைப்பையும் மாற்றியிருக்கிறார்கள். கருவுற்றவளை அக்காரணத்திற்காகப் பணியை விட்டு நீக்கலாகாது என்பது அப்படியேதான் இருக்கிறது. என்னைவிட உனக்கு அது நன்றாகத் தெரியும். உனக்குச் சம்பளம் தருவதே அதைத் தெரிந்து வைத்திருப்பதற்காகத்தான்.

உன் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், அந்நாளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஆலை எண் பொறித்துக் கொடுத்த உன் அப்பாவின் பித்தளை டோக்கன் இருக்கிறது. வருவோர் போவோரிடம், "எங்கப்பாவும் இதே ஓசூர்ல ஒர்க்கர்தான்" என்று காட்டிப் பெருமை கொள்கிறாய். நிலத்தைப் பங்கு பிரித்தபின் காவேரிப்பட்டினத்தில் காலூன்ற இடமில்லாமல் இங்கே வந்தவர் அவர். ஆயுத பூசையன்று நம் வீட்டில் அம்மன் படத்தின் முன் அந்த டோக்கனுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மற்ற வீடுகளில் கத்தியும் கடப்பாரையும் சைக்கிளும் இருக்கும் இடத்தில் நம் வீட்டில் அந்த வட்டத் தகடு இருக்கும். "என்னாத்துக்கு இதுக்குப் பூசை?" என்று நான் புதுப்பெண்ணாகக் கேட்டபோது, "இது இருக்கிற வரைக்கும் நாளைக்கு வராதேன்னு என்னை எவனும் சொல்ல முடியாது புள்ள. சொல்லணும்னா காரணம் சொல்லணும், நோட்டீஸ் குடுக்கணும்" என்றார். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது பிரஸ் இயந்திரத்தில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு போயின. அப்போது நாம் பட்டினி கிடக்கவில்லை. காப்பீட்டு மருத்துவமனையில் காசு கேட்காமல் தைத்தார்கள். வீட்டில் இருந்த மாதங்களுக்குப் பணம் வந்தது. கை ஆறியதும் வேறு பிரிவில் வேலை இருந்தது. மேற்பார்வையாளர் வீடு தேடி வந்து, "வந்து சேருய்யா, சும்மா உக்காந்திருக்காதே" என்று அதட்டிவிட்டுப் போனார். அந்த அதட்டலைக் கேட்டு நான் அழுதேன்.

விரல் போனவனை வெளியே தள்ளாமல் இருந்தது எந்த முதலாளியின் இரக்கத்தாலும் அன்று. இதைத்தான் அந்த நான்காவது பகுதியில் எழுதியிருந்தேன். "அத்தலைவர்கள் இயந்திரங்களை வரவழைத்ததோடு நிற்கவில்லை. இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கும் அதன் உடைமையாளனுக்கும் நடுவே சட்டத்தை நிறுத்தினார்கள். காயம்பட்டவனுக்கு மருந்தும், முதுமைக்குச் சேமிப்பும், பிள்ளை சுமப்பவளுக்கு ஓய்வும் ஊதியமும் கேட்காமலே எழுதி வைத்தார்கள். அப்போது நாட்டில் ஆலைகளே குறைவு. இன்னும் பிறக்காத தொழிலாளிக்காக அவர்கள் எழுதினார்கள்" என்று எழுதி, உன் அப்பாவின் விரல்களைப் பற்றி இரண்டு வரிகள் சேர்த்திருந்தேன். அணையை வாசித்த உன்னால் உன் அப்பாவின் விரல்களை வாசிக்க இயலவில்லை.

அவர்களை நான் தெய்வமாக்கவில்லை. அணைக்காக ஊரைவிட்டு எழுந்து போனவர்களுக்கு அந்த நீர் கிடைக்கவில்லை என்பதை அறிவேன். அவர்கள் அணை கட்டிய ஆற்றில் இன்று நுரை மிதப்பதையும், அவர்கள் திறந்த பள்ளியை ஐந்தாம் வகுப்போடு நான் விட நேர்ந்ததையும் அறிவேன். எண்ணியதில் பாதியையும் அவர்களால் முடிக்க இயலவில்லை. ஆனாலும் சிறைக்குப் போய் வந்த அந்த மனிதர்கள், தங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு மலைப்பெண்ணின் வயிற்றைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நீ அவளை அறிவாய். பொங்கலுக்கு வந்தபோது அவள் வறுத்துக் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றாய். உன்னால் யோசிக்க முடியவில்லை. உங்களுக்கு அத்தலைவர்கள் மேடைக்கு வேண்டியிருக்கிறார்கள், படத்துக்கு மாலையிட வேண்டியிருக்கிறது, கேட்போர் கண்ணில் நீர் வரவழைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் எழுதியவற்றை ஆலை வாயிலுக்குள் விட மட்டும் உங்களுக்கு மனம் வரவில்லை. உன்னை வளர்த்த சோறு எதிலிருந்து வந்ததென்று நான் உனக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை போலும். அப்பா உழைத்தார் என்று மட்டும் சொன்னேன். உழைத்தவர் எல்லோருக்கும் சோறு கிடைத்துவிடுவதில்லை என்பதைச் சொல்லவில்லை.

நேற்று மாலை மாதம்மாவை அழைத்து உட்காரவைத்து, அந்த உரையை எழுதியவள் நானே என்று சொன்னேன். அவள் வியந்துபோனாள். "அதான பாத்தேன், அப்பிடியே உங்க பேச்சு மாதிரியே இருந்துச்சு" என்றாள். அதில் ஒரு பகுதி வாசிக்கப்படவில்லை என்றேன். "அப்ப அதையும் படிங்க ஓனரம்மா, கேப்போம்" என்றாள். என் கையெழுத்துப் படி என்னிடம் இருந்தது, வாசித்தேன். ஜாபர் வாசற்படியில் நின்று கேட்டார். பிள்ளை சுமப்பவளைப் பற்றிய வரி வந்தபோது மாதம்மா என்னை நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "இது நெசமாலுமே சட்டமுங்களா? இல்ல, பேச்சு நல்லா இருக்கட்டும்னு நீங்களா சேத்ததா?"

"சட்டம்தான்" என்றேன்.

"அப்ப உங்க பையனுக்கு இது தெரியாதுங்களா?"

அவள் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை மகனே. தெரியாதவனிடம் போய்ச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு கேட்டாள். கையிலிருந்த படியை நான் நான்காக மடித்தேன். ஜாபர்தான், "தெரிஞ்சா இப்பிடிப் பண்ணுவாரா, தெரியாமத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். என்பொருட்டு அவர் சொன்ன அந்தப் பொய்யை நான் மறுக்காமல் பெற்றுக்கொண்டேன்.

புது ஆலையின் திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன். துணி போர்த்திய நாற்காலியை வேறொருவருக்குக் கொடு. வரும் திங்கட்கிழமை மாதம்மாவும் நானும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் செல்கிறோம். மனுவை நானே எழுதியிருக்கிறேன். நீ கேலி செய்யும் அதே நடையில், ஒரு சொல்லும் மிகாமலும் குறையாமலும், நான் இதுவரை எழுதியவற்றுள் மிகச் சிறந்ததாக எழுதியிருக்கிறேன். அவளை மீண்டும் அழைக்கலாகாது என்று முடிவெடுத்தவர் யார் என்பதைக் குறிப்பிட வேண்டிய வரியில் மனிதவள மேலாளர் என்று உன் பதவியை எழுதினேன். அதற்கடுத்துப் பெயர் வர வேண்டும். உன் அப்பா சூட்டிய பெயர் அது. எழுதுகோலைப் பலமுறை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவிட்டேன்.

ஞாயிறு மாலைக்குள் அவளை நீ மீண்டும் வேலைக்கு அழைத்துவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவேன். இல்லையென்றால், அந்தப் பெயரையும் நானே எழுதுவேன். எனக்கு எழுத்துப் பிழை வராது என்பது உனக்குத் தெரியும்.

உன் அம்மா